சாம்பல் பூசிய பெயர்கள்

யார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தாலும் அக்காவின் கை பேசாமல் நீண்டு அதை நிமிர்த்தி வைத்துவிடும். கடைக்கு வருபவர் என்றில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் மடியில் கண்ணாடி கவிழ்ந்து கிடந்தாலும் அவருக்குப் பொறுக்காது. "கீறல் விழுந்தப்புறம் அழுது என்ன பிரயோசனம்?" என்பார்.

அந்தக் கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருடமாக இருக்கிறார். ஆட்களைக் கண்ணாடியின் பவரால்தான் அடையாளம் சொல்வார். மைனஸ் நாலரைக்குப் பேரன் பிறந்திருக்கிறான், ரெண்டேகால் டீச்சர் வீடு மாற்றிவிட்டார் என்று விடியும்போதே செய்தி வாசிப்பார். நாலாயிரம் பேர் கொண்ட பட்டியல் அவர் கணினியில் இருக்கிறது. யாராவது இறந்துபோனால் அந்த வரிக்குச் சாம்பல் நிறம் பூசுவார். "போனவங்கள அழிக்க நாம யாரு?" பிறந்தநாள் வந்தால் சாம்பலை விட்டுவிட்டு மற்றவர்களுக்குத் தன் கைப்பட வாழ்த்து அட்டை எழுதுவார்.

முதலாளியின் மைத்துனன் வந்தான். பட்டியலை, வாழ்த்து வாசகத்தைத் தானே எழுதும் ஓர் இணையச் சேவையோடும், அதை அட்டையில் அச்சடித்துத் தபாலில் போடும் கம்பெனியோடும் முடிச்சுப் போட்டான். அக்காவை எல்லா எழுத்தையும் ஒரு தாளில் எழுதச் சொல்லி, கையொப்பமும் வாங்கி, அட்டை அவர் கையெழுத்திலேயே வரும்படி செய்துவிட்டான். "எல்லாம் கிளவுட்ல தானா ஓடும்க்கா. நீங்க கால நீட்டி ஒக்காருங்க." சாம்பல் நிறம் அதற்குப் புரியுமா என்று அக்கா இரண்டு முறை கேட்டார். அதெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்.

அந்தச் சேவை எழுத்தைப் படித்தது. நிறத்தைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் தையல்காரரின் மனைவி கடைக்கு வந்தார். கணவர் போய் எட்டு மாதம். அட்டையை மேஜைமேல் வைத்தார். பிறந்தநாள் வாழ்த்துக்குக் கீழே, புதுக் கண்ணாடியில் ஊசி கோப்பது சுலபமாக இருக்கிறதா என்று விசாரித்திருந்தது. குறிப்புக் கட்டத்தில் அக்கா எப்போதோ எழுதி வைத்ததை அப்படியே எடுத்துப் போட்டிருந்தது.

"உன் எழுத்தாச்சேன்னு ஆசையா பிரிச்சேன்," என்றார் அந்த அம்மாள். "நீயுமாம்மா மறந்துட்ட?"

அவர் இறந்த அன்று அந்த வீட்டு வாசலில் கடைசிவரை நின்றவர் அக்கா. அந்த அம்மாள் படியிறங்கிப் போன பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு நேராக முதலாளியிடம் போனார். மனசில் துக்கமில்லை, ஆத்திரம்.

நாலாயிரத்தில் பதினேழு அட்டைதானே இறந்தவர்கள் பெயருக்குப் போயிருக்கிறது என்று முதலாளி சமாதானம் சொன்னார். பதினேழுதானாம்! அந்தப் பதினேழு வாசலில் போய் நின்று இவர் இதைச் சொல்லட்டுமே. சிஸ்டம் தப்பு என்றானாம் மைத்துனன். சிஸ்டத்துக்கு முகம் ஏது, தெருவில் அதை யார் நிறுத்திக் கேட்கப்போகிறார்கள்? முகம் அக்காவுக்குத்தான் இருக்கிறது.

மறுநாள் மைத்துனன் பட்டியலில் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று குறிக்க ஒரு கட்டம் சேர்த்தான். பழைய கையொப்பம் மங்கலாக விழுகிறது, புதிதாக ஒன்று வேண்டும் என்று முதலாளியே தாளும் பேனாவுமாக வந்தார்.

அக்கா தாளை அவர் பக்கமே தள்ளினார்.

"இனிமே உங்க கையெழுத்துல போகட்டும் முதலாளி. கேக்க வர்றவங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினார். அக்கா அதைப் பார்த்தார். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, அடுத்து நின்றவரிடம் என்ன பவர் என்று கேட்டார்.