ஓடுபாதையில் நின்ற வெள்ளிக்கிழமை

எங்கள் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவரை எல்லோரும் விலாங்கு அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். பெயர் வைத்தவர் எதிர்வரிசை மருந்துக்கடைக்காரர். நாங்கள் மூன்று பேரும் மாலையில் அவரவர் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து சேர்ந்து ஆடும் விமானச் சண்டையில் வைத்த பெயர் அது. மெல்ல நடந்து கடைக்குள்ளும் வந்துவிட்டது. அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்வதென்றால் ஒருவருக்கு நேர் எதிரே நிற்க வேண்டும். அது அவருக்கு ஆகாத காரியம்.

வேலையில் கெட்டிக்காரர். சுழலும் கல்லில் தண்ணீர் சொட்டச் சொட்ட லென்ஸின் ஓரத்தைக் கொடுத்து, பிரேமுக்குள் ஒரே அழுத்தில் உட்கார வைத்துவிடுவார். ஆனால் கடையின் முன்பக்கம் யாராவது குரலை உயர்த்தினால் பின்பக்கம் இயந்திரத்தின் சத்தம் உயரும். புதுக் கண்ணாடி போட்டதும் படி ஏறத் தடுமாறுகிறது, தலை சுற்றுகிறது என்று சொல்லி வருகிறவர்களை முதலாளி அண்ணனிடம் அனுப்புவார். அண்ணன் ஈரக் கையைத் துடைத்தபடி வந்து, "ரெண்டு நாள் போட்டுப் பாருங்க, பழகிடும்" என்பார். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் கல் மறுபடி சுழலத் தொடங்கியிருக்கும்.

விளையாட்டில் அவர் ஓட்டுவது சரக்கு விமானம். தொந்தி பெருத்த, துப்பாக்கி இல்லாத விமானம். கரையில் எரிபொருளும் குண்டுகளும் ஏற்றிக்கொண்டு, கடல் கடந்து, நடுவில் இருக்கும் தீவின் ஓடுபாதையில் இறக்க வேண்டும். அது இறங்கினால்தான் நம் பக்கத்து ஜெட்டுகள் பறக்க முடியும். இறங்கவிடாமல் அடிப்பதுதான் எதிரி ஜெட்டுகளுக்கு வேலை. சுடவும் முடியாது, பெயரும் கிடைக்காது என்பதால் அந்த விமானத்தை ஓட்ட யாரும் முன்வருவதில்லை. அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் தப்பிக்கும் அழகைப் பார்க்கவே எதிரணியில் சிலர் துரத்துவார்கள் என்று எனக்குச் சந்தேகம். கடலலையில் வயிறு உரசுகிற உயரத்தில் போவார். ரேடாருக்கு அலை எது, விமானம் எது என்று தெரியாது. ஏவுகணை கிளம்பிவிட்டால் அதற்கு முதுகைக் காட்டி ஓட மாட்டார். பக்கவாட்டில் திரும்பிக் குறுக்கே போவார். அது இவரைத் தேடிச் சட்டென்று வளைய முடியாமல் கடலில் விழும். வாலிலிருந்து தீப்பந்துகளை உதிர்ப்பார். ஏவுகணை அவற்றின் சூட்டுக்கு மயங்கி அந்தப் பக்கம் போய்விடும். ஜெட் ஒட்டிக்கொண்டே வந்தால் இன்ஜின் வேகத்தை மொத்தமாகக் குறைத்து, காற்றில் தொங்குவது போல நிற்பார். துரத்தியவன் அவரைத் தாண்டிப் போய், எதிரில் வரும் மலையைத் தாமதமாகப் பார்ப்பான்.

"யோவ் விலாங்கு, உன்னப் பெத்தாங்களா, எண்ணெயில பொரிச்சாங்களா?" என்று மருந்துக்கடைக்காரர் ஹெட்செட்டில் கத்துவார்.

அண்ணன் அடக்கமாக, "எல்லாம் ஒரு ஓட்டம்தான்" என்பார்.

ஒரு விஷயம் அண்ணனுக்குத் தெரியாது. அவருடைய ஹெட்செட் வயரில் மைக்கை அணைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. வீட்டில் பேச்சு வந்ததும் அதை அழுத்திவிடுவார். அந்தப் பொத்தான் எப்போதோ செத்துவிட்டது. அவர் வீட்டில் குக்கர் சத்தம் போடுவதிலிருந்து அண்ணி பெருமூச்சு விடுவதுவரை எங்கள் இருவருக்கும் கேட்கும். முதலில் மரியாதைக்காகச் சொல்லாமல் இருந்தோம். கொஞ்ச நாள் போனதும் சொல்ல முடியாமல் போய்விட்டது. இத்தனை நாள் கேட்டீங்களா என்று அவர் கேட்டால் என்ன சொல்வது?

அப்படித்தான் விஷயம் தெரிந்தது. அண்ணி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறார். ஓர் இரவு ரயில் தூரத்தில் இருக்கும் வேறொரு ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள். அதைப் பொறுப்பெடுத்து நடத்த அண்ணியைக் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த நாற்காலிக்காரிக்குப் போய்விடும். அவள் அண்ணியிடம் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டவள்.

"ஏங்க, மேடம் இன்னைக்கும் கேட்டாங்க."

"ம்."

"ம்னா?"

"பாக்கலாம்."

"என்னத்தப் பாக்கறது? போறோமா, இல்லையா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, நான் அழுது முடிச்சுட்டு வேலையப் பாக்கறேன்."

"பால் இருக்கா வீட்ல? இரு, ஒரு எட்டு போய் வாங்கிட்டு வந்துடறேன்."

கதவு சாத்தும் சத்தம். நடுக்கடலில் விமானி இல்லாத சரக்கு விமானம். நானும் மருந்துக்கடைக்காரரும் இரண்டு பக்கமும் காவல் பறந்தோம்.

"தீப்பந்து விட்டுட்டுப் போறான் பாரு" என்றார் மருந்துக்கடைக்காரர்.

திங்கட்கிழமை மாலை எதிரணியில் ஒரு புதிய பெயர் தெரிந்தது. நாங்கள் ஆடும் களம் சிறியது. வருகிறவர்கள் எல்லாம் பழகிய பெயர்கள். புதியவர் வந்தால் உடனே தெரியும். அந்தப் பெயர் 'வெள்ளிக்கிழமை'.

வெள்ளிக்கிழமை மேலெழும்பியது, கடலில் விழுந்தது. மறுபடி எழும்பியது, விமானக் கூடாரத்தில் மோதியது. ஒவ்வொரு முறை விழுந்தபோதும் அண்ணன் வீட்டு உள்ளறையிலிருந்து மெல்லிய குரலில் ஒரு "ச்சே" கேட்டது. அதே விளையாட்டைக் கைப்பேசியிலும் ஆடலாம்.

"பாவம், எவனோ புதுசு" என்றார் அண்ணன். "வீட்ல சொல்லிக் குடுக்க ஆள் இல்ல போல."

மருந்துக்கடைக்காரர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார்: 'தம்பி, வாயத் திறந்த, கொன்னுடுவேன். புருஷன் பொண்டாட்டி நடுவுல நமக்கு வேலை இல்ல.'

வேலை இல்லை என்று சொல்வது எளிது. எதிரி ஜெட்டுகளை அடித்து அண்ணனைக் காப்பதுதான் களத்தில் எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே வேலை. செவ்வாய் மாலை 'வெள்ளிக்கிழமை' நேராக மருந்துக்கடைக்காரரின் குறிக்குள் வந்து நின்றது. விழாமல் பறக்கக் கற்றுக்கொண்டிருந்ததே தவிர, பின்னால் பார்க்கத் தெரியவில்லை. அவர் சுடவில்லை. இறக்கைகளை மரியாதையாக ஒருமுறை அசைத்துவிட்டு விலகிப் போனார்.

"என்னய்யா, கைக்கு வந்தவன விட்டுட்ட?" என்றார் அண்ணன்.

"துப்பாக்கி சிக்கிக்கிச்சு" என்றார் மருந்துக்கடைக்காரர். "அண்ணிய எப்படிய்யா சுடறது?" என்று எனக்குத் தனியாக எழுதினார்.

அதன்பின் துரத்தல்தான். வெள்ளிக்கிழமை வேறு யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் பின்னாலேயே போனது. அண்ணன் தன் மொத்த வித்தையையும் காட்டினார். அலையை உரசினார், குறுக்கே திரும்பினார், தீப்பந்துகளை அள்ளி இறைத்தார். கடைசியில் வேகத்தைக் குறைத்துத் தொங்கினார். வெள்ளிக்கிழமை அவரைத் தாண்டிப் போய் மலையில் மோதியது. உள்ளறையில் ஏதோ தலையணை மேல் விழுந்த சத்தம் கேட்டது.

"விடாக்கண்டன்டா இவன்" என்று அண்ணன் சந்தோஷமாகச் சிரித்தார். "இவ்வளவு ஆசையா என்னை யாரும் துரத்தினதே இல்ல. வீடும் ரெண்டு நாளா அமைதியா இருக்கு. நிம்மதியா ஆட முடியுது."

புதன்கிழமையும் அதே கதை. ஆனால் இந்த முறை வெள்ளிக்கிழமை கொஞ்சம் தள்ளியே பறந்தது. ஏவுகணை எதுவும் விடவில்லை. உயரத்திலிருந்து அவர் போகும் வழியை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தது. எந்த மலைக்கு எந்தப் பக்கம் திரும்புகிறார், எங்கே தீப்பந்து விடுகிறார், கடைசியில் எங்கே போய்ச் சேருகிறார் என்று பார்த்தது. எத்தனை வளைந்தாலும் அவர் இறங்க வேண்டிய ஓடுபாதை ஒன்றுதான்.

வியாழக்கிழமை மாலை அண்ணன் தீவை நெருங்கியபோது துரத்த யாருமே இல்லை. அதுவே அவருக்கு ஒரு மாதிரி இருந்தது.

"எங்கடா போனான் நம்மாளு?"

தீவுக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தது வெள்ளிக்கிழமை. அண்ணன் பதறவில்லை. எங்கள் களத்தில் எழுதாத விதி ஒன்று உண்டு. சக்கரத்தை இறக்கிவிட்ட விமானத்தை யாரும் சுடுவதில்லை. சுட்டால் அவனுடன் அதற்குப் பிறகு யாரும் ஆட மாட்டார்கள். அண்ணன் வழக்கத்தைவிட வெகுதூரத்திலேயே சக்கரத்தை இறக்கினார். அந்த விதிக்குள் ஒடுங்கிக்கொண்டு மெல்ல இறங்கினார், ஓடினார், நின்றார். சரக்கு இறங்கத் தொடங்கியது.

அப்போது வெள்ளிக்கிழமையும் சக்கரத்தை இறக்கியது. தீவைக் காக்கும் எங்கள் பீரங்கிகள் அதன் பக்கம் திரும்பின. மருந்துக்கடைக்காரர் பொதுச் செய்தியில், 'சக்கரம் வெளிய இருக்கு, யாரும் சுடாதீங்க' என்று போட்டார். எதிரி ஜெட், எங்கள் தீவில், எங்கள் ஓடுபாதையில் இறங்கியது. இரண்டு முறை துள்ளி, ஒரு இறக்கை முனை தரையில் உரசி, நெளிந்து நெளிந்து ஓடி வந்து, சரக்கு விமானத்தின் மூக்குக்கு நேர் எதிரே நின்றது. அண்ணனுக்கு முன்னால் ஜெட், பின்னால் கடல். சரக்கு விமானத்துக்குப் பின்னால் போகத் தெரியாது.

திரையின் ஓரத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒரு வரி வந்தது.

'போறோமா, இல்லையா?'

நான் அதுவரை அத்தனை அமைதியான களத்தைப் பார்த்ததில்லை. இரு பக்கத்து ஜெட்டுகளும் தீவைச் சுற்றி வட்டமடித்தன. எதிரணியில் ஒருவன், 'எங்க?' என்று கேட்டான். இன்னொருவன், 'குடும்ப விஷயம், சும்மா இரு' என்றான்.

அண்ணனின் மூச்சு மட்டும் கேட்டது. "நெட்டு சரியில்ல" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். பிறகு ஹெட்செட்டை மேசைமேல் வைக்கும் சத்தம், நாற்காலி நகரும் சத்தம், உள்ளறைக் கதவு.

"நீயா?"

"வேற யாரு? நேர்ல கேட்டா பால் வாங்கப் போயிடறீங்க."

"ரெக்கை தரையில பட்டுடுச்சு, பாத்தியா? இன்னும் கொஞ்சம் மெதுவா எறங்கியிருக்கணும்."

"ஏங்க."

பிறகு அண்ணன் பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"வேலை கெடைக்காதுன்னு இல்ல. கண்ணு எல்லா ஊர்லயும் மங்குது. போய் ஒருத்தன் முன்னால உக்காரணும். உனக்கு என்ன தெரியும்னு கேப்பான். நான் என்னன்னு சொல்றது? இங்க மாமா கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து மெஷின் முன்னால உக்கார வெச்சாரு. நான் இதுவரைக்கும் எவன்கிட்டயும் வேலை கேட்டதே இல்ல. பயமா இருக்கு."

"இதுக்கா இத்தனை நாளு பால் வாங்குனீங்க? பிரிட்ஜ்ல வைக்க எடம் இல்ல."

"சிரிக்காத."

"சிரிக்கல. எனக்கு மட்டும் பயமில்லையா? பன்னெண்டு பேர மேய்க்கணும் அங்க. இவரு வந்தாப் போதும், தைரியமா இருக்கும்னு நெனச்சேன். பாத்தா நீங்க என்னைவிட மோசம்."

"அப்ப வேண்டாமா?"

"அத நீங்கதான் சொல்லணும். நான் ஓடுபாதையில நிக்கறேன்."

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "போலாம்" என்றார்.

"சத்தமா."

"போலாம்னேன்ல!"

மருந்துக்கடைக்காரர் ஹெட்செட்டில் மூக்கைச் சிந்தினார். ஜலதோஷம் என்றார்.

மறுநாள் காலை அண்ணி மேடத்திடம் சரி என்று சொல்லிவிட்டார். அண்ணன் கடைக்கு வந்ததும் ஏப்ரனைக் கட்டாமல் முன்பக்கம் போய் முதலாளி எதிரே நின்றார். வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு, அடுத்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன், வீட்டுக்காரிக்கு வேறு ஊரில் வேலை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஊர்ப் பெயரையும் சொன்னார்.

முதலாளி டீயைக் கீழே வைத்தார். "அங்கயா? என் மச்சான் கடை அங்கதானேப்பா இருக்கு? தேய்க்க ஆள் இல்லன்னு போன மாசம்கூட அழுதான். உன்னை அனுப்பிட்டு நான் எங்க போய் ஆள் தேடறதுன்னு சும்மா இருந்துட்டேன். நேராப் போய் மெஷின்ல உக்காரு. நான் சொல்லிடறேன்."

நேற்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தை நேருக்கு நேர் சந்தித்த மனிதர், இதையும் தானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வாரோ என்று நான் ஒரு நொடி நினைத்தேன்.

"இப்பவே போன் பண்ணிச் சொல்லிடுங்க முதலாளி" என்றார் அண்ணன்.

அன்று மாலை களத்துக்கு வழக்கம்போல வந்தார். சரக்கு ஏற்றினார், மேலெழும்பினார். கடலுக்கு மேல் வந்த பிறகு அண்ணி அறைக்குள் நுழைவது கேட்டது. காலையில் முதலாளி சொன்னதை அண்ணன் அவரிடம் சொன்னார்.

"இன்டர்வியூ?"

"இல்ல. நேரா உக்கார வேண்டியதுதான்."

"இத எப்ப அவர்கிட்ட கேட்டிருக்கலாம்?"

அண்ணன் நியாயமாக யோசித்தார். "எப்ப வேணும்னாலும்" என்றார்.

அண்ணி சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாமல் சிரித்தார். பிறகு, "எழுந்து வாங்க. மேல இருக்கற பெட்டிய எடுக்கணும், எனக்கு எட்டல" என்றார்.

"இந்த ஒரு தடவை எறக்கிட்டு..."

"ஏங்க."

"வந்துட்டேன்."

ஹெட்செட் மேசைமேல் விழுந்தது. ஸ்டூலை இழுக்கும் சத்தம், "மெதுவா, மெதுவா" என்னும் குரல். சரக்கு விமானம் யாரும் இல்லாமல், ஒரு முறைகூட வளையாமல், நடு உயரத்தில் நேராகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் பறந்து அப்படி ஒரு நேர்கோட்டை நான் பார்த்ததில்லை. நாங்கள் பக்கத்தில் போய்ச் சேர்வதற்குள், எதிரே வந்த முதல் ஜெட் அதை வீழ்த்தியது. சுட்டவன் வெகுநேரம், 'இது நெஜமாவே விலாங்குதானா?' என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தான்.