ஏழு ‘உம்’

காலை பஸ்ஸில் முன்சீட்டு அம்மா யாருக்கோ போனில் “ஓ… ஆயிக்கோட்டே” என்றாள். ‘ஆகட்டும்’ என்றுதான் பொருள். ஆனால் அவள் அதை இழுத்து, கீழே இறக்கி, நறுக்கென்று வெட்டிய விதத்தைக் கேட்ட கண்டக்டர் சீட்டு கிழிப்பதை நிறுத்திவிட்டு, “பாவம், அவன் தீர்ந்தான்” என்றார்.

அவர் இலவசமாகச் செய்ததைத்தான் நான் சம்பளத்துக்குச் செய்கிறேன். ஒரு போன் கம்பெனிக்கு வரும் தமிழ் அழைப்புகளை ஹெட்போனில் கேட்டு, எந்த வார்த்தை கேள்வி, எது பதில், எது சம்மதம், எது சும்மா என்று குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்துக் குறிக்க வேண்டும். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் படித்துக்கொள்ளுமாம். வாயைத் திறந்தால் வார்த்தை தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும் என் இனத்தவரே, உங்களுக்கும் ஏற்ற வேலை இது. யாரோடும் பேச வேண்டாம்.

கேன்டீனில்

கூச்சத்தில் எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைச் சொன்னாலும் கடைசியில் குரல் மேலே ஏறிவிடும். முதல் நாள் கேன்டீன் சேட்டனிடம், “ஒரு சாயா?” என்றேன். “உண்டு” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தார். மறுபடி, “ஒரு சாயா?” “உண்டு.”

மூன்றாவது தடவை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “மோளே, உண்டுன்னு சொல்லியாச்சு. வேணுமா வேண்டாமா, அதைப் பற.”

சென்னையிலிருந்து வந்த குறிப்பு

நாங்கள் குறிப்பதைச் சென்னையில் ஒருவர் சரிபார்ப்பார். ஒருநாள் கரமனையிலிருந்து ஒரு மாமா, “லைன் போயாச்சு அல்லே, பத்து நாளாச்சு அல்லே, நான் எட்டு தடவை கூப்பிட்டாச்சு அல்லே” என்று கொதித்திருந்தார். மலையாளம் கலந்த எங்கள் ஊர்த் தமிழில், ‘இல்லையா’ என்கிற இந்த ‘அல்லே’ கேள்வியே இல்லை. குரல் கீழே இறங்கினால் அது மேஜையில் ஓங்கிக் குத்துகிற குத்து. ‘புகார்’ என்று குறித்தேன்.

சென்னைக்காரர் மூன்றையும் ‘கேள்வி’ என்று மாற்றி, பக்கத்தில் எழுதியிருந்தார்: “லைன் போனது அவருக்கே தெரியாதா?”

பொன்முடி

சிரித்துக்கொண்டிருந்த காலம் அதோடு முடிந்தது. பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து பாக்கியம் என்று ஒரு அம்மா. மழை பெய்தால் லேண்ட்லைனில் இரைச்சல், அதுதான் புகார். “மொபைல் இங்க எடுக்காது கண்ணு. மாசமா இருக்கற மக கூப்பிடறது இதுலதான்” என்றார். கம்பெனிப் பையனோ, பழைய லைன்களை ரத்து செய்யச் சம்மதம் கேட்கும் அறிவிப்பு முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்தான். அவன் மூச்சு விட்ட இடத்திலெல்லாம் அந்த அம்மா ‘உம்’ கொட்டினார். ஏழு தடவை. கதை கேட்கும்போது கொட்டுவோமே, அந்த ‘உம்’. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

கம்ப்யூட்டர் ஏழுக்கும் ‘சம்மதம்’ என்று டிக் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அந்த டிக்குகளை எடுக்காவிட்டால் லைன் துண்டிக்கப்படும். எடுக்கும் அதிகாரம் எங்கள் மேலாளர் ஸ்ரீகுமார் சாருக்கு மட்டும். ஒலிப்பதிவின் கடைசியில், வாசித்து முடித்த பையனிடம் பாக்கியம் அம்மா சொன்னது: “நல்லா வாசிக்கிற கண்ணு. சாப்பிட்டியா?”

வெள்ளிக்கிழமை

அன்றைக்கே என் மூன்று மாதத் தகுதிகாண் பேட்டியும். ஸ்ரீகுமார் சார் மொபைலில் கண்ணை வைத்துக்கொண்டே, “ஏழு தடவை ‘உம்’னு மூளியிருக்கு. அது சம்மதம்தன்னே” என்றார். நான் இரவெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன்: “அது சம்மதம் இல்லை, சார்?” வழக்கம்போல் குரல் ஏறிவிட்டது.

“அதைத்தானே குட்டி, நானும் கேக்கறேன்” என்றார். பக்கத்தில் பேட்டிக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஷீஜா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். மணி நாலு இருபது. நான் ஒத்திகைக்கு எழுதிவைத்திருந்த காகிதத்தை எடுத்து, அந்தப் பையனைப் போலவே ஒரே சுருதியில் வாசிக்க ஆரம்பித்தேன்.

“அந்த அம்மா இரைச்சலுக்காகத்தான் கூப்பிட்டாங்க.”

“உம்” என்றார் சார், மொபைல் திரையை விரலால் தள்ளிக்கொண்டே.

“ரத்து செய்யச் சொல்லிக் கேட்கவே இல்லை.”

“உம்.”

“மலையில் சிக்னல் கிடையாது.”

“உம்.”

“மகள் மாசமா இருக்காங்க.”

“உம்.”

“அடுத்த மாதம் முதல் எனக்கு வேலை நிரந்தரம்.”

“உம்.”

“சாருடைய ஜன்னல் சீட்டு எனக்கு.”

“உம்.”

“கேன்டீன் சாயாவை சாரே கொண்டுவந்து தருவார்.”

“உம்.”

ஷீஜாவுக்குப் புரையேறியது. சார் நிமிர்ந்தார்.

“ஏழு ஆச்சு, சார்” என்றேன். குரல் ஏறவில்லை. இறங்கி, நின்றது.

சார் என்னைப் பார்த்தார், ஷீஜாவின் நோட்டைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். பிறகு மொபைலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மௌஸைத் தன் பக்கம் இழுத்து, ஏழு டிக்குகளையும் ஒவ்வொன்றாக எடுத்தார்.