அப்பாவின் சலூனில் சொன்ன தீர்ப்பு

நேற்று கொழும்பில் ஒரு கடையைக் கடந்தபோது வந்த சவரச் சோப்பு மணம், எங்கள் துறைமுக ஊரின் ஓர்ஸ் ஹில்லில் அப்பா நடத்திய, இன்று கைபேசிக் கடையாகிவிட்ட சலூனுக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது. முதல்தர கிரிக்கெட் பருவம் முடிந்தால், துறைமுகத்தில் வேலை முடித்து வருகிறவர்கள், கத்தரிச் சத்தத்துக்கும் மின்விசிறியின் முனகலுக்கும் நடுவே பத்திரிகையை விரித்து, யார் தேறினான், யாரை அணியிலிருந்து வெட்டவேண்டும் என்று வாதாடுவார்கள். கடைசிச் சொல் அப்பாவுடையதுதான்.

அந்த வருடம் கொழும்புக் கழகமொன்றுக்கு விளையாடிவிட்டு வந்த அண்ணன், சவரம் செய்துகொள்ளக் கதிரையில் இருந்தான். பள்ளிச் சீருடையோடு நான் சுவரோர வாங்குப் பலகையில் இருந்தேன்.

"மகன்ர ஆட்டம் எப்பிடி, அண்ணை?" என்று ஒருவர் அப்பாவைக் கேட்டார்.

அப்பா கத்தியைத் தீட்டியபடியே, "சுழல்பந்து இவனுக்கு விளங்காது. சும்மா இன்னொருத்தன்ர இடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். கன்னத்தில் நுரையோடு அண்ணனும் சிரித்தான். "ஓம் அப்பா, எனக்கு ஏலாதுதான்," என்றான்.

அண்ணன் தன் மட்டையை எங்கள் மச்சான் ஒருவனிடம் கொடுத்துவிட்டு, வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, மாரி மழை தொடங்குமுன்னரே கட்டட வேலைக்குக் கத்தார் போய்விட்டான். அவன் போன பிறகு, தேசிய அணிக்கான பயிற்சிக்குத் தெரிவானவர்களை வானொலியில் வாசித்தார்கள். அண்ணனின் பெயரும் வந்தது. அப்பா வானொலியை நிறுத்தினார்.

"ஆளை மட்டுக்கட்டத் தெரியாதவங்கள் தெரிவுசெய்யிறாங்கள்," என்று சொல்லிவிட்டு, அடுத்தவரைக் கதிரைக்குக் கூப்பிட்டார்.