அமைச்சர் கேட்ட இரண்டு கிழமை

தேத்தண்ணி ஊற்றுகிற தொழிலில் உள்ள பெரிய தொல்லை, கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு கூட்டம் நடக்கும் அறைக்குள் போகும்போது காதைக் கழற்றிக் குசினி அடுப்படியில் வைத்துவிட்டுப் போக முடியாது என்பதுதான். கந்தோர்களில், அலுவலகங்களில், கேத்தலோடு மல்லுக்கட்டும் என் சகோதரிகளுக்கு இது தெரியும். கேட்கவேண்டாத எல்லாவற்றையும் நாங்கள் கேட்கிறோம். பிறகு வீட்டுக்குப் போய் நித்திரை இல்லாமல் புரளுகிறோம். நான் புவனா, எட்டாம் வகுப்போடு நின்றவள். திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் வீதியில், எதிர்க்கட்சி எம்.பி. ஒருவரின் கந்தோரில் மூன்று வருஷமாக அடுப்படி என்னுடையது. எம்.பி.யை நாங்கள் சேர் என்போம்.

கலியாணப் பேச்சு

வெளிநாடுகளிடம் பட்ட கடனைப் பற்றி அரசாங்கம் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்த காலம் அது. என்ன பேசினார்கள், எதற்கு ஒப்புக்கொண்டார்கள், அந்த ஒப்பந்தத் தாளைப் பாராளுமன்றத்தில் ஏன் வைக்கவில்லை என்று சேர் கேள்வி கேட்க இருந்தார். கேள்வியை எழுதுகிறவர் செயலாளர் பரீனா மிஸ். கிண்ணியாக்காரி, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுதியதை வந்திருக்கும் சனத்துக்கு வாசித்துக் காட்டுவது அவருடைய பழக்கம். அவர்களுக்கு விளங்கினால்தான் கேள்வி கொழும்புக்குப் போகும்.

அன்றைக்குக் குச்சவெளியிலிருந்து மண்ணெண்ணெய்ப் பிரச்சினையோடு வந்த கடற்றொழிலாளி ஒருவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “இது பேச்சுவார்த்தை இல்லை மிஸ், கலியாணப் பேச்சு. எல்லாம் பேசி முடிச்ச பிறகுதான் பொம்பிளைக்குச் சொல்லுவினம்.”

உப்புத் தேத்தண்ணி

கடனில் ஒரு பங்கு வெளிநாட்டுக்காரருடையது அல்ல, உள்ளூரில் பட்டது என்பது எனக்கு அதுவரை தெரியாது. வேலைசெய்கிற சனத்தின் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டிச் சேர்த்த சேமலாப நிதியிலிருந்தும் அரசாங்கம் கடன் எடுத்திருக்கிறது, பேச்சுவார்த்தை முடிவில் அதிலும் கைவைப்பார்களோ தெரியாது என்று மிஸ் தொலைபேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடுப்பை மூட்ட மறந்து கதவோரம் நின்றேன்.

உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் பதினாறு வருஷம் கட்டில் விரிப்புத் தோய்த்தவள் நான். விடுதியைப் பூட்டிவிட்டார்கள். எனக்கென்று மிஞ்சியது அந்தச் சேமலாபப் பணம் மட்டும்தான். ஐம்பது வயதானால் பெண்கள் எடுக்கலாம். எனக்கு நாற்பத்தொன்பது. என் வீட்டுக் குசினிக்குக் கூரை இல்லை, தறப்பாள்தான். மழை வந்தால் ஒரு கையில் குடை, மறு கையில் அகப்பை. அந்தப் பணத்தை நம்பி ஓட்டுக்காரரிடம் விலைகூடக் கேட்டு வைத்திருந்தேன்.

இந்த யோசனையோடு தம்பலகாமத்திலிருந்து வந்த ஆறு கமக்காரருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். ஆறு பேரும் முகம் சுளிக்காமல் குடித்தார்கள். வெறுங் கோப்பைகளை எடுக்கப் போனபோது வாங்குப் பலகையில் இருந்த மூத்தவர் என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “நாங்கள் வயலுக்குள்ள இறங்கிற யானையைப் பற்றிக் கதைக்க வந்தனாங்கள் தங்கச்சி, உப்புப் போட்டதைப் பற்றிக் கதைச்சு அலுவலைக் கெடுக்க விரும்பேல்லை.”

ஆட்டோ அண்ணர்

நான் வேலைக்குப் போகும் ஆட்டோவின் சொந்தக்காரர் அரசாங்கக் கட்சி. சந்தியில் ஏறினால் இறங்கும் வரைக்கும் எனக்கு ஏச்சுத்தான், எம்.பி. நானே என்பதுபோல. சேமலாபப் பணத்தைப் பற்றி அவரிடம் கேட்டுப் பார்த்தேன். தன் கட்சி என்றபடியால் ஆறுதலாக ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தது என் பிழை. “கடனைப் பட்டவையும் உங்கட ஆக்கள், இப்ப கேள்வி கேக்கிறவையும் உங்கட ஆக்கள். எங்களுக்கு விட்டு வச்சது பதில் சொல்லுற வேலை மட்டுந்தான், அக்கா.”

மேசைக்கு மறுபக்கம்

பாராளுமன்ற அமர்வுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எங்கள் கந்தோரில் ஒத்திகை நடக்கும். மேசைக்கு இந்தப் பக்கம் சேர் எழும்பி நின்று கேள்வியை வாசிப்பார். அந்தப் பக்கம் ஒரு கதிரை போட்டு, யாரையாவது அமைச்சராக இருத்துவார்கள். வழக்கமாக சாரதிதான் அமைச்சர். அன்று அவர் ஒரு செத்தவீட்டுக்குப் போய்விட்டார். மிஸ் என்னைக் கூப்பிட்டு இருத்தினார்.

சேர் கேள்வியை வாசித்தார். ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் என்ன, யார் யாருக்கு எவ்வளவு காலத்தில் கட்டுவது, தாளை எப்போது சபையில் வைப்பீர்கள். குரல் கணீரென்றுதான் இருந்தது. எனக்கோ, பாலை அடுப்பில் வைத்தது ஞாபகம் வந்துவிட்டது. அரை நிமிஷத்தில் பொங்கிவிடும். எழும்பி நின்று, “சேர், இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது. கொஞ்சம் தவணை தாங்கோ, பிறகு வந்து சொல்லுறன்,” என்று சொல்லிவிட்டுக் குசினிக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ கெடுத்துவிட்டேன் என்று பயந்தேன். சிரிப்புத்தான். உண்மையான அமைச்சர்மாரும் இதையேதான் செய்வார்களாம். சங்கடமான கேள்வி என்றால் பதில் தர இரண்டு கிழமை, பதினாலு நாள், தவணை கேட்பார்கள். இரண்டு கிழமை போனதும் இன்னும் இரண்டு கிழமை. இதற்கு என்ன செய்வதென்று சேர் தலையைச் சொறிந்தார். எந்தக் கேள்வி கேட்டால் தவணை கேட்காமல் நிற்பீர்கள் என்று மிஸ் என்னிடம் கேட்டார். பால் எவ்வளவு, எந்தக் கடையில் வாங்கினது என்றெல்லாம் கேட்டால் யோசிக்க வேண்டும், பால் இருக்கோ இல்லையோ என்று கேட்டால் உடனே சொல்லத்தானே வேண்டும் என்றேன். அந்தச் சூட்டோடு என் பதினாறு வருஷத்துப் பணத்தையும், தறப்பாளையும் சொல்லி முடித்தேன். சொல்லக்கூடாதென்றுதான் இருந்தேன்.

சேர் தன் பேனையை மிஸ் பக்கம் நீட்டினார். பிறகு மிஸ் கடதாசியை இழுத்து அடியில் ஒரு வரி எழுதினார். “அவர் தவணை கேட்டா இதைக் கேளுங்கோ சேர். புவனாட காசில கைவைப்பியளோ, மாட்டியளோ?”

நேரலை

அமர்வு நடந்த அன்றைக்குக் கந்தோர்த் தொலைக்காட்சிக்கு முன்னால் நிற்க இடமில்லை. நான் தட்டோடு வாசலில் நின்றேன். சேரின் கேள்வி இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். அமைச்சர் எழும்பினார், பதில் தருவதற்கு இரண்டு கிழமை வேண்டும் என்றார். அறையில் இருந்த எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது, அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பதுபோல.

சேர் உட்காரவில்லை. தாளைத் தேட இரண்டு கிழமை எடுங்கள், ஒரு விஷயத்துக்குக் கோப்பு வேண்டாம், தொழிலாளர் சேமலாபத்தில் போட்ட பணம் குறையுமா குறையாதா என்று கேட்டார். அரசாங்கப் பக்கத்தில் ஒரே கூச்சல். அமைச்சர் உட்கார்ந்தார், பக்கத்திலிருந்தவரோடு குசுகுசுத்தார், மறுபடி எழும்பினார். போட்ட பணத்தில் ஒரு சதமும் குறையாது என்றார். அப்போ வட்டி என்று சேர் தொடங்கினார், ஒலிவாங்கி நின்றுபோனது.

நான் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணைத் துடைத்தேன். பரீனா மிஸ் வந்து அதை வாங்கிக்கொண்டார். “வட்டியை அடுத்த அமர்வில கேப்பம். போட்ட காசு தப்பிட்டுது, புவனா, இனி அழுறதை விட்டுட்டு ஒரு நல்ல தேத்தண்ணி தாங்கோ. சீனி போட்டு.”

பைக்குள் ஒரு தாள்

ஐம்பது முடிந்த மறுநாளே படிவத்தோடு உரிய கந்தோருக்குப் போனேன். அமைச்சர் சொன்னதை அச்சடித்த பாராளுமன்ற அறிக்கைத் தாளையும் லமினேட் செய்து பைக்குள் வைத்திருந்தேன். யாரும் மறுத்தால் காட்டுவதற்கு. பஸ்ஸில் மூன்று தரம் பையைத் திறந்து பார்த்தேன்.

யன்னலுக்குப் பின்னால் இருந்த பிள்ளை படிவத்தை வாங்கிப் புரட்டினாள். சரிபார்க்க வேண்டும், இரண்டு கிழமை கழித்து வாருங்கள் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். லமினேட் தாளை வெளியே எடுக்காமலே, சேர் நின்ற மாதிரி நிமிர்ந்து நின்று, இரண்டு கிழமையை எடுங்கோ பிள்ளை, காசு இருக்கோ இல்லையோ என்று மட்டும் இப்பவே சொல்லுங்கோ என்றேன். அவள் கணினியைத் தட்டினாள், திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “இருக்கு அம்மா. வட்டியும் கிடக்கு. ஏன் அழுறீங்கள்?”

இப்போது குசினிக்கு ஓட்டுக்கூரை இருக்கிறது, மழைக்குக் குடை தேவையில்லை, அடுத்த கவலையைத் தொடங்குவதற்கு நானும் இரண்டு கிழமை தவணை கேட்டிருக்கிறேன்.