மூன்றாவது கட்டத்தில் போட்ட குறி

வன்னியில் உள்ள ஜெயபுரத்தில் நான் ஓராண்டு தொண்டுப்பணி செய்ததற்கு ஒரு சான்றிதழ் இருக்கிறது. மதுரையில் என் வீட்டு அலமாரியில், பழைய கரண்ட் பில்களுக்கு அடியில் கிடக்கிறது. வெளிநாட்டுக்குப் போகிறோம் என்ற நினைப்பே எனக்கு அப்போது இல்லை. அவர்களும் தமிழ், நானும் தமிழ், பிறகென்ன என்ற மிதப்பு. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு தொண்டு நிறுவனத்தின் வாழ்வாதார உதவிக்கான படிவங்களை வீடு வீடாகப் போய் நிரப்புவதுதான் என் வேலை. அப்படித்தான் கச்சான் பயிரிடும் ஓர் அக்காவின் வீட்டுக்குப் போனேன். கச்சான் என்றால் நம்மூர் வேர்க்கடலை. தோட்டம் முழுவதற்கும் கிணற்றிலிருந்து வாளியால் இறைத்தே ஊற்றிக்கொண்டிருந்தார். போர் முடிந்த நாட்களில் காணாமல் போனவர் அவருடைய கணவர். அக்கா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. ஊரும் ஏன் என்று கேட்டதில்லை. நல்ல காரியம் என்றால் ஆராத்தி எடுக்க அவரையும் கூப்பிட்டார்கள்.

படிவத்தில் மூன்றே கட்டங்கள்: மணமாகாதவர், மணமானவர், விதவை. மணமானவர் என்றால் கணவரின் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் உதவி கிடையாது. இதைத் தயாரித்த புண்ணியவான் யாரோ, அவன் வன்னிப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டான்.

“கலியாணம் கட்டினவ எண்டு போடுங்கோ தங்கச்சி,” என்றார் அக்கா. “அவர் வந்தவுடனை கையெழுத்து வைப்பார்.”

சரி என்று தலையாட்டினேன். அலுவலகத்துக்கு வந்து மூன்றாவது கட்டத்தில் குறி போட்டேன். நல்லதுக்குத்தானே என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

தண்ணீர் பம்ப் வந்தது. அதன் பக்கத்தில் அக்காவை நிறுத்திப் படம் எடுத்தார்கள். பிறகு பொதுநோக்கு மண்டபச் சுவரில் ஒட்டச் சொல்லி ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். ‘விதவைகளுக்கான வாழ்வாதார உதவி’ என்று தலைப்பு, கீழே பெயர்கள். பசை தடவி ஒட்டியது நான்தான். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சாமத்தியச் சடங்கு, நம்மூர் மஞ்சள் நீராட்டு. ஆராத்தித் தட்டை இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று பிடிக்க வேண்டும். அக்கா பட்டுச்சேலை உடுத்தி, வழக்கம்போல் எழுந்து வந்தார். பெண்ணின் தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“நீங்கள் இருங்கோ அக்கா, கோவிக்காதேங்கோ. மண்டபத்திலை பேர் ஒட்டிக்கிடக்கு. நாளைக்குப் பிள்ளைக்கு ஏதும் ஒண்டெண்டால் சனம் கதைக்கும்.” பிறகு என்னைப் பார்த்தார். “நீங்கள் கலியாணம் கட்டினனீங்கள்தானே மிஸ், வாங்கோ.”

மறுத்திருக்கலாம். அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீடியோக்காரர் அவசரப்படுத்தினார், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் போய்த் தட்டைப் பிடித்தேன். அக்கா ஒரு கதிரையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அந்தத் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்றார்கள். “அவங்களுக்குப் பம்ப் கிடைச்சுதுதானே, பிறகென்ன?” என்று கேட்டார் அதிகாரி. போனைப் படாரென்று வைத்தேன். ஆனால் அந்தப் ‘பிறகென்ன’ நான் மதுரையிலிருந்து கொண்டுபோனதுதானே.

புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று பார்த்துத் தட்டைக் கொடுக்கும் வழக்கத்தின் மீதும் எனக்குக் கோபம்தான். அதைக் கண்டிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இத்தனை வருஷமாக ஊர் கண்டும் காணாமலும் விட்டிருந்ததை எழுதிச் சுவரில் ஒட்டியவள் நான்.

பிரியாவிடைக் கூட்டத்தில் எனக்கு மாலை போட்டார்கள். அக்கா வரவில்லை. நானே தோட்டத்துக்குப் போய், குறி போட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பம்பை நிறுத்தினார். நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது.

“இதைத் திருப்பித் தரத்தான் நினைச்சனான். கச்சான் காய்ஞ்சுபோகும், அதாலை வைச்சிருக்கிறன்,” என்றார். பம்பின் மேலிருந்த மண்ணைக் கையால் தட்டினார். “அவர் வந்து, இது எப்பிடிக் கிடைச்சது எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது தங்கச்சி?”

வவுனியா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.