மோட்டார் ஓடாத ஞாயிற்றுக்கிழமை

பேராசிரியர் கலாவதி காலமாகிவிட்டார் என்ற செய்தி, ஐயப்பன்தாங்கலில் பேருந்துக்கு நின்றபோது எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதன் கீழேயே ஒருவர், "அந்த ஒரு பிழை மட்டும் இல்லாவிட்டால் எங்கேயோ போயிருப்பார்" என்று எழுதியிருந்தார். வந்த பேருந்தில் ஏறவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே ஆய்வகம். ஒற்றைப் புரத மூலக்கூறை ஒளிக்கற்றையால் பிடித்து இழுத்து, அதன் மடிப்பு அவிழ்வதை அளப்பது எங்கள் வேலை. மடிப்பு அவிழ்ந்தால் திரையில் ஓடும் கோடு ஒரு படி ஏறும். மற்றவர்கள் ஒரு படி கண்ட இடத்தில் நாங்கள் இன்னொரு குட்டிப் படியையும் கண்டோம். கட்டுரை ஏற்கப்பட்டது. என் பதவி உயர்வு அதை நம்பித்தான் இருந்தது.

அச்சுக்கு ஒப்புதல் அனுப்ப வேண்டிய காலையில், "புரதமே இல்லாம ஒரு தடவ ஓட்டிப் பாத்துடலாம் சார்" என்றார் கலாவதி.

"அதான் நான் செஞ்சு முடிச்சுட்டேனே மேடம்!" என்று கத்தினேன்.

அவர் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். "எங்கப்பா ஃபேக்டரில ஒவ்வொரு திருகையும் ரெண்டு தடவ முறுக்கிப் பார்ப்பாரு" என்று சொல்லிக்கொண்டே கருவியை ஓட்டினார். கால் மணி நேரம் கோடு தட்டையாகவே போனது. அப்பாடா என்று நினைத்த நொடியில், புரதமே இல்லாத இடத்தில் அதே குட்டிப் படி ஏறியது.

கீழே ஏதோ உறுமும் சத்தம் கேட்டு, கலாவதி விறுவிறுவென்று கீழே இறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன். தண்ணீர் மோட்டார் அறையில், அதை இயக்கும் ஏழுமலை இருந்தார்.

"இன்னா மேடம்? இப்பதான் மோட்டார் போட்டேன். தண்ணி ஏறிகினு கீது."

"ஞாயித்துக்கிழமை?"

"லீவு நாள்ல யாரு மேடம் தண்ணி ஏத்துவாங்க?"

மோட்டாரை நிறுத்தச் சொன்னார். மேலே போய்ப் பார்த்தால் படி மறைந்திருந்தது. கட்டடம் அமைதியாக இருக்குமே என்று வெற்றுச் சோதனைகளை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தவன் நான். புரதத்தை அளந்ததோ மோட்டார் ஓடும் வேலை நாட்களில்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில், "பிழை என்னுடையது" என்று எழுதி அவர் மட்டும் கையெழுத்திட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பதவி உயர்வு எனக்குத் தாமதமாகவேனும் வந்தது. துறைத் தலைமை அவருக்கு வரவே இல்லை. ஏன் அப்படி எழுதினீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப நீங்களே சொல்லுங்க சார்" என்றார்.

அன்றைய கோடு அச்சான தாள் என் இழுப்பறையில் இருக்கிறது. அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். குழுவில் எழுதியவருக்கும் அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்: அந்தப் பிழை என்னுடையது. இதைக் கேட்க வேண்டியவர் இப்போது இல்லை.