ஊறுது, அரிக்குது, உடைக்குது

எங்கள் பக்கத்தில் ஒன்று தொடங்குவதைச் சொல்ல ஒரே சொல் போதாது. மழை பிடிக்கும். சண்டை மூளும். பிள்ளைப்பேற்று நோ கண்டிட்டுது என்போம். பயணத்துக்கு வெளிக்கிடுவோம், கலியாண வீட்டுக்குப் போவதும் வெளிக்கிடுவதுதான், போர்க்காலத்தில் செல்லடிக்குப் பயந்து பானை சட்டியோடு ஓடியதும் வெளிக்கிட்டதுதான். அந்தச் சொல்லை யாராவது உரத்துச் சொன்னால் இன்றைக்கும் நான் முதலில் பிள்ளைகளைத்தான் தேடுவேன்.

குளக்கட்டுக்கென்று மூன்று சொல் இருக்கிறது. மாரியில் குளம் நிறைந்ததும் கட்டின் அடி ஈரமாகித் தெளிந்த தண்ணீர் வரும். அது ஊறுவது, பயமில்லை. அதே தண்ணீர் உள்ளுக்குள்ளே மண்ணைக் கரைத்துக்கொண்டு கலங்கி வந்தால் அரிப்பது. அதற்குப் பிறகு உடைப்பதுதான். ஊறுவது மாரி முடியும்வரை நிற்கும். அரிப்பதற்கும் உடைப்பதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இதைப் படித்து அறியவில்லை. காலஞ்சென்ற என் மனுசன் வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்தவர். சோறு சாப்பிடும்போது அவர் தன்பாட்டில் சொல்வது என் காதில் விழும்.

போன மாரியில் மகளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. உடையார்கட்டுப் பக்கம், ஒரு சின்னக் குளத்துக்குக் கீழே வயல்கரையில் அவளுடைய வீடு. நான் இருப்பது அடுத்த ஒழுங்கையில், கூப்பிடு தூரம். பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. மகளைப் பார்க்கப் போய் அங்கேயே சாப்பிட்டுப் படுத்ததால் எனக்கும் துடக்கு.

அந்தக் குளக்கட்டின் மேல், தண்ணீர்ப் பக்கமாக ஒரு புற்று இருந்தது. என் நெஞ்சுயரம். நாகதம்பிரான் இருக்கிறார் என்று அதற்கு மஞ்சள் பூசி, வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைத்துப் பால் ஊற்றுவோம். முந்தின வருசம் குளம் பார்க்க வந்த அதிகாரி, புற்றைத் தோண்டி எடுத்துவிட்டு மண் போட்டு இறுக்கவேண்டும் என்றார். ஊர்ப் பெண்கள் போய்ப் புற்றைச் சுற்றி நின்றோம். ஆண்களும் எங்களோடுதான். நான் வாய் திறக்காமல் பின்னால் நின்றேன், ஆனால் நின்றேன். அவர் போய்விட்டார்.

பிள்ளை பிறந்த பன்னிரண்டாம் நாள். மூன்று நாள் அடித்த மழை காலையில் ஓய்ந்திருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் சரக்குக் கறிக்கு மல்லி, மிளகு வாங்கக் கடைக்கு நடந்தேன். மற்ற நாளென்றால் கட்டின் மேலால் போவேன். துடக்கோடு புற்றைக் கடக்கப் பயந்து அன்று கட்டின் அடியால் போனேன்.

புற்றுக்கு நேர் கீழே, வயல் பக்கத்துப் புல்லுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல எழும்பிக்கொண்டிருந்தது. விரல் தடிப்புத்தான் இருக்கும். குனிந்து அள்ளினேன். தேத்தண்ணீர் நிறம். விரல் இடுக்கால் ஒழுகி முடிந்த பிறகும் உள்ளங்கையில் மண் கிடந்தது. மகள் அந்த நேரம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

ஆண்கள் பிள்ளையார் கோயில் மண்டபத்தில், வயல் செய்யும் கமக்காரர் கூட்டத்தில் இருந்தார்கள். கோயில் பக்கத்தில்தான். ஓடிப்போய் வெளியே வேலியோடு நின்றேன். உள்ளே போக முடியாது. ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் நான் கதைத்ததே இல்லை. அதைவிட இன்னொரு பயம். இரண்டு வருசத்துக்கு முன், நிறைந்த குளத்தின் மிச்சத் தண்ணீர் வழிந்து வான் பாய்கிற சத்தத்தைக் கேட்டு ஒரு பெண் "குளம் உடைச்சிட்டுது" என்று கத்தி ஊரே ஓடியது. அந்த ஓட்டத்தில் விழுந்த கிழவர் ஒருவர் பிறகு எழும்பி நடக்கவில்லை. அவளுக்கு இன்றைக்கும் குளமுடைச்சக்கா என்றுதான் பெயர்.

கமக்காரர் தலைவர் என்னைக் கண்டுவிட்டார். "என்னணை, வேலியோட நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோவன்."

"நான் துடக்கு, தம்பி."

"அப்ப அங்க நிண்டே சொல்லுங்கோ."

"குளக்கட்டடியில தண்ணி…"

"மாரியெண்டா கட்டு ஊறுந்தானே, ஆச்சி!" என்றார் ஒருவர். பின்னாலிருந்து இன்னொரு குரல்: "ஆச்சியும் குளமுடைச்சக்கான்ர கட்சியிலை சேந்திட்டா போல." சிரித்தார்கள்.

ஓம், ஊறுதுதான் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. உடைக்குது என்றால் ஓடுவார்கள், கட்டைப் பார்க்க ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் குரல் என்று எனக்கே தெரியாத குரலில் கத்தினேன்.

"ஊறேல்லை. அரிக்கத் துவங்கிட்டுது! கலங்கி வருது. புத்துக்குக் கீழ."

சிரிப்பு நின்றது.

"புத்துக்குக் கீழயோ?" என்று தலைவர் கேட்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை, மற்ற ஆண்களைப் பார்த்தார். பிறகு எல்லோரும் எழும்பினார்கள். "துருசுக் கதவைத் திறவுங்கோ, தண்ணி குறையட்டும். கீழ் வீட்டுச் சனத்தைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்துங்கோ."

நான் மகள் வீட்டுக்கு ஓடினேன்.

"என்னம்மா, மல்லி வாங்கேல்லையோ?"

"வெளிக்கிடு, பிள்ளை."

"எங்க? முப்பத்தொண்டு கழியேல்லை."

"வெளிக்கிடு எண்டுறன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். செல்லடிக்கு ஓடிய கடைசி ஓட்டத்தில் அவளுக்குப் பத்து வயது. பிள்ளையைத் துணியோடு அள்ளி நெஞ்சில் அணைத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கினாள்.

பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது. விறாந்தையில் நின்றால் கட்டு தெரியும். புற்றின் அடியில், தண்ணீர்ப் பக்கம், சின்னச் சுழி ஒன்று சுற்றுகிறதாம். தண்ணீர் உள்ளே போகும் அந்த வாயை அடைக்கவேண்டுமென்றால் புற்றை வெட்டித் தள்ளவேண்டும். மண்மூட்டைகளும் வைக்கோலும் வந்து குவிந்தன. பத்துப் பன்னிரண்டு ஆண்கள் மண்வெட்டியோடு சுற்றி நின்றார்கள். ஒருவரும் ஓங்கவில்லை. புற்றை இடித்தால் பிள்ளைகளைத் தாக்கும் என்பார்கள், தங்கள் தங்கள் பிள்ளைகளை நினைத்திருப்பார்கள்.

பிறகு ஒருவன் முன்னுக்குப் போனான். என் மருமகன். அவன் சொன்னதைப் பக்கத்தில் நின்றவர்கள் பின்னேரம் எனக்குச் சொன்னார்கள்: "விலத்துங்கோ. நான் எப்பிடியும் துடக்குத்தானே. வாறது எனக்கே வரட்டும்."

வெட்டு என்றும் வெட்டாதே என்றும் ஒன்றாக நினைத்தேன். கண்ணை மூடினால் கேட்காமல் இருக்கும் என்பதுபோல மூடிக்கொண்டேன். அவ்வளவு தூரத்துக்கு மண்வெட்டிச் சத்தம் வரவும் இல்லை.

உள்ளே பாம்பு இருக்கவில்லை. கறையான் போன வழியெல்லாம் தண்ணீர் நிறைந்து கிடந்ததாம். மூட்டையும் வைக்கோலும் களிமண்ணும் போட்டு மிதித்தார்கள். மத்தியானத்துக்கு மேல் தலைவர் நனைந்த சாரத்தோடு விறாந்தைக்கு வந்தார்.

"தெளிஞ்சு வருதணை. இனி ஊறுறது மட்டுந்தான். பயப்பிடாதேங்கோ."

எல்லோரும் கதைக்கத் தொடங்கினார்கள். யாரோ தேத்தண்ணீர் கொண்டுவந்தார்கள். மகள் ஒரு வகுப்பறையில், பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்குகளைச் சேர்த்துப் போட்டுச் சாய்ந்திருந்தாள். மருமகன் முழங்கால்வரை களியோடு வாசலில் நின்றான். வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவன், பிள்ளைக்குக் கிட்ட வரவில்லை.

நான் போய்ப் பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டேன். சாடையாய்ச் சுட்டதுபோல இருந்தது.

"பிள்ளைக்குக் காய்ச்சல் காயுதோ? தொட்டுப் பார் பிள்ளை."

மகள் தொட்டுப் பார்த்தாள். "ஒண்டுமில்லையம்மா. உங்கட கைதான் விறைச்சுப்போய்க் கிடக்குது."

அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். கையிரண்டையும் தேத்தண்ணீர்க் கோப்பையைச் சுற்றிப் பிடித்துச் சூடாக்கினேன். மறுபடியும் தொட்டுப் பார்த்தேன்.